பட்டினியின் பலனைத் தரும் சேர்மங்கள்: ரெஸ்வெரட்ரால் முதல் ராபமைசின் வரை

குறைத்துச் சாப்பிட்டால் முதுமை தள்ளிப்போகும் என்பதற்கு ஆய்வகச் சான்று 90 ஆண்டுகளாக இருக்கிறது. ஆனால் வாழ்நாள் முழுக்க அரைவயிறு சாப்பிடுவது பெரும்பாலோருக்கு முடியாத காரியம். அந்தப் பலனை மட்டும் பிரித்தெடுத்து மாத்திரையாகத் தர முடியுமா என்ற கேள்வியிலிருந்து ஓர் ஆய்வுத் துறையும், அதைவிட வேகமாக ஒரு வணிகமும் வளர்ந்துவிட்டன. திராட்சைத் தோல், கோதுமை முளைக்கரு, மாதுளை, மஞ்சள் எனப் பல பெயர்கள் செய்தியில் அடிபடுகின்றன. இவற்றில் எதற்கு என்ன ஆதாரம் இருக்கிறது என்று பார்க்க, முதலில் குறைத்து உண்பது உடலில் என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கலோரி குறைப்பு என்றால் என்ன

புரதம், வைட்டமின், தாது உப்புகள் எதிலும் குறை வைக்காமல், மொத்த ஆற்றலை மட்டும் 20 முதல் 40 சதவீதம் வரை குறைப்பதே கலோரி குறைப்பு. சத்தும் சேர்ந்து குறைந்தால் அதற்குப் பெயர் ஊட்டக்குறைவு. அது ஆயுளைக் குறைக்கும். இந்த வேறுபாட்டை மறந்து பேசுவதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது.

1935இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கிளைவ் மெக்கே குழுவினர், உணவு குறைக்கப்பட்ட வெள்ளை எலிகள் நீண்ட நாள் வாழ்வதைப் பதிவு செய்தார்கள். பிறகு ஈஸ்ட், புழு, பழ ஈ, சுண்டெலி என்று பல உயிரிகளில் இதே போக்கு தெரிந்தது. நம் இனத்துக்கு நெருக்கமான ரீசஸ் குரங்குகளில் மட்டும் விடை இரண்டாகப் பிரிந்தது. விஸ்கான்சின் பல்கலைக்கழகக் குழு 2009இல் பலன் உண்டு என்றது. அமெரிக்க தேசிய முதுமை ஆய்வு நிறுவனம் 2012இல் ஆயுள் கூடவில்லை என்றது.

காரணம் தீனித் தட்டில் இருந்தது. விஸ்கான்சின் குரங்குகளின் தீனியில் சுமார் 28 சதவீதம் சர்க்கரை. மற்ற குழுவின் தீனியில் 4 சதவீதத்துக்கும் குறைவு. விஸ்கான்சினில் ஒப்பீட்டுக் குரங்குகள் (பலனை ஒப்பிட்டுப் பார்க்க உணவைக் குறைக்காமல் வைத்தவை) இஷ்டம்போல் தின்றன. இன்னோர் இடத்தில் ஒப்பீட்டுக் குரங்குகளுக்கும் அளந்தே போட்டார்கள்; அவையும் ஓரளவு குறைத்து உண்டவைதான். மிதமிஞ்சித் தின்பவரோடு ஒப்பிட்டால் பலன் பெரிதாகத் தெரியும், அளவாக உண்பவரோடு ஒப்பிட்டால் சுருங்கிவிடும். கீழே வரும் ஒவ்வொரு சேர்மத்துக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

மனிதர்களில் நடந்த முக்கியமான சோதனையின் பெயர் 'காலரி' (CALERIE). உடல் பருமன் இல்லாத 218 பேர், 2 ஆண்டுகள், இலக்கு 25 சதவீதக் குறைப்பு. கண்காணிப்பும் ஆலோசனையும் இருந்தும் அவர்களால் எட்ட முடிந்தது சராசரியாக 12 சதவீதம்தான். அதற்கே ரத்த அழுத்தமும் கொழுப்பும் இன்சுலின் செயல்பாடும் மேம்பட்டன. டிஎன்ஏ மேல் ஒட்டும் வேதிக் குறிகளை வைத்து முதுமையின் வேகத்தை அளக்கும் ஓர் அளவீடு 2 முதல் 3 சதவீதம் குறைந்தது. கூடவே இடுப்பு, முதுகெலும்பு ஆகியவற்றின் எலும்பு அடர்த்தியும் சற்றுக் குறைந்தது. அந்த இழப்பு விளம்பரங்களில் வராது.

செல்லுக்குள் நடப்பது

உணவு குறைந்தால் செல் 'வளர்ச்சி' நிலையிலிருந்து 'பராமரிப்பு' நிலைக்கு மாறுகிறது. இதை நடத்துபவை முக்கியமாக நான்கு:

1. எம்டார்: அமினோ அமிலமும் இன்சுலினும் நிறைய இருக்கும்போது முடுக்கிவிடப்படும் புரதம். 'கட்டு, பெருகு' என்று ஆணையிடும். உணவு குறைந்தால் அடங்கும்.

2. ஏஎம்பிகே: செல்லின் எரிபொருள் அளவுகோல். ஆற்றல் குறையும்போது விழித்துக்கொண்டு கொழுப்பை எரிக்கச் சொல்லும்; எம்டாரையும் அடக்கும்.

3. சர்ட்டுயின்கள்: என்ஏடி என்ற மூலக்கூறைச் செலவழித்து மற்றப் புரதங்களின் மேல் ஒட்டியிருக்கும் அசிட்டைல் குறிகளை நீக்கும் நொதிகள்.

4. இன்சுலினும் அதன் உறவான வளர்ச்சிக் காரணியும்: 1993இல் சிந்தியா கென்யான் குழு, இந்தப் பாதையின் ஒரே ஒரு மரபணுவில் நேர்ந்த மாற்றம் ஒரு புழுவின் ஆயுளை இரு மடங்காக்குவதைக் காட்டியது.

இவை எல்லாம் வந்து சேரும் இடம் தன்னுண்ணல். பழுதான புரதங்களையும் தேய்ந்த மைட்டோகாண்ட்ரியாக்களையும் (செல்லின் ஆற்றல் உலைகள்) செல் ஒரு சவ்வுப் பையில் சுற்றி, கரைத்து, உதிரிப் பொருளாக மறுபடியும் பயன்படுத்துகிறது. இந்த இயக்கத்தை விளக்கியதற்காக ஜப்பானின் யோஷினோரி ஒசுமிக்கு 2016இல் நோபல் பரிசு கிடைத்தது.

வயிறு நிறைந்திருக்கும்போதே இந்த விசைகளில் ஒன்றையாவது 'உணவு இல்லை' என்ற நிலைக்குத் திருப்பிவிடும் பொருளைப் பாவனைச் சேர்மம் எனலாம். இந்தக் கருத்து 1998இல் முன்வைக்கப்பட்டபோது எடுத்துக்காட்டாகச் சொல்லப்பட்டது 2-டிஆக்சிகுளுக்கோஸ். குளுக்கோஸ் போலவே இருக்கும், ஆனால் செல்லால் அதை முழுமையாக எரிக்க முடியாது. எலிகளின் உடல் வெப்பமும் இன்சுலினும் பட்டினியில் குறைவதைப் போலவே குறைந்தன. நீண்ட நாள் கொடுத்தபோது இதயத் தசை கெட்டது. ஒரு விசையைத் திருப்புவது மட்டும் போதாது என்ற பாடம் தொடக்கத்திலேயே கிடைத்துவிட்டது.

ரெஸ்வெரட்ரால்: குடுவையில் ஒன்று, ரத்தத்தில் ஒன்று

திராட்சைத் தோலிலும் சிவப்பு ஒயினிலும் இருக்கும் இந்தச் சேர்மம் அவித்த நிலக்கடலையிலும் சிறிதளவு உண்டு. 2003இல் ஹோவிட்ஸ், சின்க்ளேர் முதலிய ஆய்வாளர்கள் இது சர்ட்டுயினைத் தூண்டி ஈஸ்ட்டின் ஆயுளை 70 சதவீதம் கூட்டியதாக வெளியிட்டார்கள். 2006இல் கொழுப்பு மிகுந்த தீனி தின்ற எலிகளை இது காத்தது என்ற செய்தி உலகம் சுற்றியது. 2008இல், இதன் அடிப்படையில் எழுந்த சர்ட்ரிஸ் நிறுவனத்தை கிளாக்ஸோஸ்மித்கிளைன் என்ற பெரிய மருந்து நிறுவனம் 72 கோடி டாலருக்கு வாங்கியது.

அதே 2008இல் வந்த இன்னோர் ஆய்வு, சாதாரணத் தீனி தின்ற எலிகளின் ஆயுள் கூடவில்லை என்றது. கொழுப்பில் மூழ்கிய எலிக்கு உதவியது. நலமான எலிக்கு ஆயுளைத் தரவில்லை. 2010இல், சர்ட்டுயின் தூண்டப்பட்டது என்பதே ஐயத்துக்கு உள்ளானது. நொதியின் வேகத்தை அளக்கப் புரதத் துண்டில் ஓர் ஒளிரும் சாயத்தை ஒட்டியிருந்தார்கள். அந்தச் சாயம் இருந்தால்தான் தூண்டல் தெரிந்தது. சாயமில்லாத இயல்பான புரதத் துண்டில் தெரியவில்லை. சின்க்ளேர் தரப்பு 2013இல் சில குறிப்பிட்ட இயல்பான புரதத் துண்டுகளிலும் தூண்டல் நடப்பதாக மறுமொழி தந்தது. அந்த வேதியியல் வாதம் எப்படி முடிந்தாலும், மனிதருக்கு இதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு: குடல்.

விழுங்கிய ரெஸ்வெரட்ராலில் 70 சதவீதமாவது உறிஞ்சப்படுகிறது. ஆனால் குடல் சுவரும் கல்லீரலும் உடனே அதன் மேல் சல்ஃபேட்டையும் குளுக்குரோனிக் அமிலத்தையும் ஒட்டிவிடுகின்றன. 25 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தபோது, மாறாத ரெஸ்வெரட்ரால் ஒரு மில்லிலிட்டர் பிளாஸ்மாவில் 5 நானோகிராமுக்கும் குறைவாகவே இருந்தது. செல் குடுவைச் சோதனைகளில் சாதாரணமாகப் பயன்படும் 10 மைக்ரோமோலார் அடர்த்தி என்பது மில்லிலிட்டருக்குச் சுமார் 2,280 நானோகிராம். இடைவெளி 450 மடங்குக்கும் மேல்.

ஒயின் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். 2006 எலிச் சோதனையில் தினசரி அளவு, உடல் எடை கிலோவுக்குச் சுமார் 22 மில்லிகிராம். சிறிய உடலில் வளர்சிதை மாற்றம் வேகமாக நடப்பதால் எலியின் அளவை 12.3ஆல் வகுப்பது மருந்தியல் வழக்கம். 60 கிலோ மனிதருக்கு அது ஏறத்தாழ 107 மில்லிகிராம். சிவப்பு ஒயினில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்று வைத்தால், ஒரு நாளுக்கு 50 லிட்டருக்கு மேல் வேண்டும். ஒயின் இதயத்துக்கு நல்லது என்ற பேச்சுக்கு ரெஸ்வெரட்ராலைத் துணைக்கு அழைப்பதில் பொருளில்லை. இத்தாலியின் கியான்டி பகுதியில் 65 வயதைக் கடந்த 783 பேரின் சிறுநீரில் இதன் அளவைப் பார்த்து, 9 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வும், அதற்கும் இறப்புக்கும் தொடர்பு இல்லை என்றே 2014இல் முடித்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 65 வயதை ஒட்டிய ஆண்கள் 27 பேரை 8 வாரம் உடற்பயிற்சி செய்யவைத்து, பாதிப் பேருக்கு தினம் 250 மில்லிகிராம் ரெஸ்வெரட்ரால் கொடுத்த டேனிஷ் சோதனையில், மாத்திரை எடுத்தவர்களுக்குப் பயிற்சியின் பலன் குறைந்தது. தசை தன்னைச் சரிசெய்துகொள்ளப் பயன்படுத்தும் ஆக்சிஜனேற்ற சைகையை மாத்திரை மழுக்கியிருக்கலாம் என்பது அந்தக் குழுவின் விளக்கம். நடைப்பயிற்சியும் போகிறேன், மாத்திரையும் போடுகிறேன் என்பவர் இதைக் கவனிக்க வேண்டும்.

ஸ்பெர்மிடின்: சமையலறைக்கு அருகில் இருப்பது

இது நம் செல்களே தயாரிக்கும் பொருள். வயதாக ஆக அளவு குறைகிறது. 2009இல் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரக் குழு, இது தன்னுண்ணலைத் தூண்டி ஈஸ்ட், ஈ, புழு ஆகியவற்றின் ஆயுளைக் கூட்டுவதைக் காட்டியது. 2016இல் எலியின் இதயத்துக்கும் ஆயுளுக்கும் பலன் தெரிந்தது. 2024இல் இன்னும் சுவையான ஒரு விவரம் வந்தது: உண்ணாநோன்பின்போது உடலில் ஸ்பெர்மிடின் கூடுகிறது; அது உருவாகாமல் தடுத்தால் நோன்பால் வரும் தன்னுண்ணலும் மங்கிவிடுகிறது. ஆகவே இது பட்டினியின் உண்மையான இயங்குமுறையில் ஓர் அங்கம். இந்த வரிசையில் இயற்கை உணவிலிருந்து கிடைப்பவற்றுள் எனக்கு அதிக நம்பிக்கை தருவது இதுதான்.

ஆனாலும் மனிதச் சான்று மெலிந்தது. இத்தாலியின் புருனெக் நகரில் 829 பேரை 20 ஆண்டுகள் கவனித்ததில், உணவில் ஸ்பெர்மிடின் அதிகம் பெற்றவர்களின் இறப்பு வாய்ப்பு, 5.7 வயது இளையவர்களின் அளவுக்குக் குறைவாக இருந்தது. காய்கறியும் முழுத்தானியமும் அதிகம் உண்பவருக்கு ஸ்பெர்மிடினோடு வேறு நூறு நன்மைகளும் சேர்ந்தே கிடைக்கும். எது வேலை செய்தது என்று இந்த வகை ஆய்வால் பிரிக்க முடியாது. நேரடிச் சோதனையில், நினைவாற்றல் குறைவதாக உணர்ந்த முதியோர் 100 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு ஓராண்டு தினம் 0.9 மில்லிகிராம் கொடுத்தார்கள். பலன் தெரியவில்லை. ஆனால் புருனெக்கில் மேல் மூன்றில் ஒரு பங்கினர் உணவிலேயே பெற்றது நாளுக்கு 11 மில்லிகிராமுக்கு மேல். 0.9 என்ற அளவு மிகச் சிறியது.

மாத்திரைக்குப் பதில் உணவில் பெற விரும்பினால்: கோதுமை முளைக்கருவில் 100 கிராமுக்குச் சுமார் 24 மில்லிகிராம் இருக்கிறது, சோயா, காளான், பச்சைப் பட்டாணி, கொண்டைக்கடலை ஆகியவற்றிலும் உண்டு. மைதாவில் முளைக்கரு நீக்கப்பட்டுவிடுகிறது. மில்லில் முழுதாக அரைத்த கோதுமை மாவில் அது இருக்கும். தனியாக வாங்கிய முளைக்கருவில் எண்ணெய் அதிகம். வெளியில் வைத்தால் சில வாரங்களில் காறல் வாடை வரும். காற்றுப் புகாத டப்பாவில் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். கோதுமைப் புரதமான குளூட்டன் ஒத்துக்கொள்ளாதவர்கள் தொடக்கூடாது.

ராபமைசின்: சோதனையில் தேறியது

1964இல் ஒரு கனடியக் குழு ராபா நூய் என்ற ஈஸ்டர் தீவுக்குப் போய் மண் மாதிரிகளைக் கொண்டுவந்தது. அந்த மண்ணில் வாழ்ந்த ஒரு ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியா சுரந்த பொருளை மான்ட்ரியாலின் அயர்ஸ்ட் ஆய்வகத்தில் சுரேன் சேகல் பிரித்தெடுத்தார். தீவின் பெயரே மருந்தின் பெயரானது. நிறுவனம் அங்கே ஆய்வகத்தை மூடி இந்தத் திட்டத்தைக் கைவிட்டபோது, சேகல் அந்தப் பாக்டீரியாவைத் தன் வீட்டு ஃபிரீசரில் பாதுகாத்து வைத்திருந்தார். 1999இல் சிறுநீரக மாற்று நோயாளிகளுக்கான மருந்தாக அனுமதி கிடைத்தது. எம்டார் என்ற புரதத்தின் பெயருக்குப் பொருளே 'ராபமைசினின் இலக்கு' என்பதுதான்.

முதுமைக்கு எதிரான பொருள்களைச் சோதிக்க அமெரிக்காவில் ஒரு திட்டம் இருக்கிறது. மெய்ன், மிச்சிகன், டெக்சாஸ் ஆகிய மூன்று இடங்களில், மரபணு வேறுபாடுள்ள எலிகளில், ஒரே பொருளை ஒரே நேரத்தில் சோதிப்பார்கள். ஓரிடத்தில் தற்செயலாக வரும் பலன் இங்கே தப்ப முடியாது. ராபமைசினைத் தீனியில் கலந்தபோது அதில் பெரும்பகுதி சிதைந்துவிட்டது. குடலில் மட்டும் கரையும் உறைக்குள் அதை அடைக்கும் வழியைக் கண்டுபிடிப்பதற்குள் எலிகளுக்கு 600 நாள் வயதாகிவிட்டது. மனிதக் கணக்கில் ஏறக்குறைய 60. தாமதமாகத் தொடங்கியும் 2009 முடிவில் பெண் எலிகளின் உச்ச ஆயுள் (90 சதவீத எலிகள் இறந்துவிடும் வயது) 14 சதவீதமும் ஆண் எலிகளுடையது 9 சதவீதமும் கூடியது. பாலூட்டியின் ஆயுளை முதுமையில் தொடங்கிய மருந்து நீட்டிக்க முடியும் என்று முதல் தடவையாக உறுதியானது அப்போதுதான்.

ஆனாலும் இது நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து. வாய்ப்புண், ரத்தக் கொழுப்பு உயர்வு, சர்க்கரை உயர்வு, புண் ஆறத் தாமதம் ஆகியவை அறிந்த பக்கவிளைவுகள். மருத்துவர் கண்காணிப்பு இல்லாமல் நலமானவர் எடுக்கத் தக்கது அல்ல.

மருந்துக் கடையில் ஏற்கெனவே இருக்கும் இரண்டு

அகார்போஸ் தமிழ்நாட்டில் சர்க்கரை நோயாளிகள் பலருக்குப் பழக்கமான மாத்திரை. இதுவும் ஒரு மண் பாக்டீரியாவின் படைப்பு. மாவுச்சத்தை உடைக்கும் நொதியைச் சிறுகுடலில் தடுக்கிறது. அதனால் சாப்பிட்டதும் சர்க்கரை எகிறாது. அதே அமெரிக்கத் திட்டத்தில் ஆண் எலிகளின் இடைநிலை ஆயுள் (பாதி எலிகள் இறந்துவிடும் வயது) 22 சதவீதம் கூடியது, பெண் எலிகளுக்கு 5 சதவீதம்தான். ஆணுக்கும் பெண்ணுக்கும் இவ்வளவு வேறுபாடு ஏன் என்பது இந்தத் துறையின் முக்கியமான புதிர்களில் ஒன்று. மனிதரில் ஆயுள் கூடியதாகச் சான்று இல்லை. சீனாவில் 6,500க்கும் மேற்பட்ட இதய நோயாளிகளிடம் நடந்த சோதனையில் சர்க்கரை நோய் புதிதாக வருவது 18 சதவீதம் குறைந்தது; மாரடைப்பு போன்றவை குறையவில்லை.

உணவின் முதல் கவளத்தோடு எடுத்தால்தான் வேலை செய்யும். செரிக்காத மாவு பெருங்குடலுக்குப் போய் நொதிப்பதால் வாயுத் தொல்லை வரும். சோறு குவித்துச் சாப்பிட்டால் கூடுதலாக வரும். உயிர்காக்கும் ஒரு விவரம்: வேறு சர்க்கரை மருந்துகளோடு இதையும் எடுப்பவருக்குத் தாழ்சர்க்கரை மயக்கம் வந்தால் வீட்டுச் சீனி உடனே உதவாது. சீனியை உடைக்கும் நொதியும் தடைபட்டிருக்கும். குளுக்கோஸ் பொடிதான் கொடுக்க வேண்டும்.

மெட்ஃபார்மின் ஐரோப்பாவின் கலேகா செடியில் கண்ட வேதிப்பொருளைப் பின்பற்றி 1922இல் செயற்கையாக உருவானது. 2014இல் பிரிட்டன் பதிவுகளை வைத்து, இதை எடுக்கும் சர்க்கரை நோயாளிகள் நோயே இல்லாதவரைவிட நீண்ட நாள் வாழ்வதாகச் செய்தி வந்தது. 2022இல் டென்மார்க் பதிவுகளில் அது உறுதியாகவில்லை. முந்தைய கணக்கில், நோய் முற்றி வேறு மருந்துக்கு மாறியவர்கள் அந்த நாளோடு கணக்கிலிருந்து விலக்கப்பட்டிருந்தார்கள், மிஞ்சியவர்கள் நலமானவர்களே. மேற்சொன்ன எலித் திட்டத்திலும் மெட்ஃபார்மின் தனியாகத் தேறவில்லை. சர்க்கரைக்காக எடுப்பவர்கள் நிறுத்தக் கூடாது. சர்க்கரை இல்லாதவர்கள் இளமைக்காகத் தொடங்க ஆதாரமில்லை.

மஞ்சளும் மற்றவையும்

மஞ்சளிலுள்ள குர்க்குமின், பச்சைத் தேயிலைச் சாறு, ஃபிசெடின் என்ற தாவரச் சேர்மம் ஆகிய மூன்றும் அதே திட்டத்தில் சோதிக்கப்பட்டன. எலிகளின் ஆயுள் கூடவில்லை. ரெஸ்வெரட்ராலும் அங்கே தேறவில்லை. குழம்பில் போடும் மஞ்சளுக்கு இதனால் குறை ஒன்றுமில்லை. கவலை, செறிவாக்கிய மாத்திரைகள் பற்றியது. குர்க்குமின் உடலில் சேராது என்பதால் மிளகிலுள்ள பைப்பரினைக் கூட்டி விற்கிறார்கள். அமெரிக்காவில் பதிவான மஞ்சள் தொடர்பான கல்லீரல் பாதிப்புகளில் சிலவற்றில் பைப்பரினும் கலந்திருந்தது. ஒரு குறிப்பிட்ட மரபணு வகை உள்ளவர்களிடம் இது அதிகம் காணப்பட்டது.

மாதுளையின் நிலை வேறு. அதிலுள்ள எலாஜிடானின்கள் என்ற சேர்மங்களைக் குடல் பாக்டீரியாக்கள் யூரோலித்தின்-ஏ என்ற பொருளாக மாற்றினால்தான் தேய்ந்த மைட்டோகாண்ட்ரியாவைக் கழிக்கும் வேலை நடக்கும். ஓர் ஆய்வில் 40 சதவீதம் பேருக்கு மட்டுமே அது போதிய அளவில் உருவானது.

2024 இறுதியில் சீனாவின் ஷியாமென் குழு எதிர்த்திசையில் தேடியது. உணவு குறைக்கப்பட்ட எலிகளின் ரத்தத்திலேயே எந்தப் பொருள் கூடுகிறது என்று சலித்துப் பார்த்து, லித்தோகோலிக் அமிலம் என்ற பித்த அமிலத்தை அடையாளம் கண்டது. அது ஏஎம்பிகேவை எழுப்புகிறது. புழு, ஈ இரண்டின் ஆயுளையும் கூட்டியது. எலிகளின் தசை வலுப்பட்டது, ஆயுள் உறுதியாகக் கூடவில்லை. அதிக அளவில் இது கல்லீரலுக்கு நஞ்சு.

புதிய செய்தி வந்தால் பார்க்க வேண்டியவை

1. எந்த உயிரி? ஈஸ்ட்டிலும் புழுவிலும் பலித்தவற்றில் பெரும்பாலானவை எலியை எட்டுவதில்லை.

2. எலிகள் குறைவாகத் தின்றனவா? இதுவே முதன்மையான கேள்வி. கசப்பான பொருளைத் தீனியில் கலந்தால் எலி தானாகவே குறைத்துத் தின்னும், எடை இறங்கும், ஆயுள் கூடும். சேர்மத்தின் வெற்றி போலத் தோன்றுவது வெறும் கலோரி குறைப்பாகவே இருக்கலாம். தீனி அளவும் எடை வரைபடமும் தராத ஆய்வை நம்பக் கூடாது.

3. ஒப்பீட்டு எலிகள் எவ்வளவு நாள் வாழ்ந்தன? நன்கு பராமரித்த எலி சராசரியாக 900 நாள் வாழும். ஒப்பீட்டுக் குழு 700 நாளிலேயே இறந்திருந்தால், சேர்மம் முதுமையைத் தள்ளிப்போட்டதா, மோசமான வளர்ப்பை ஈடுகட்டியதா என்று தெரியாது.

4. மரபு ஒன்றா பலவா? 2024இல் 960 எலிகளில் நடந்த ஆய்வில், ஆயுளைத் தீர்மானிப்பதில் உணவுக் குறைப்பைவிட மரபின் பங்கே அதிகமாக இருந்தது.

5. அளந்தது ஆயுளா, குறியீடா? 'உயிரியல் வயது 5 ஆண்டு குறைந்தது' என்பது பெரும்பாலும் ரத்தத்தில் ஒரு குறியீட்டின் மாற்றம் மட்டுமே.

இந்தியாவில் இந்த வகை மாத்திரைகள் பெரும்பாலும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் கீழ் உணவு வகையாகவே வருகின்றன. மருந்துக்குத் தேவைப்படும் மனிதச் சோதனைகளைத் தாண்டி வந்தவை என்று எண்ண வேண்டாம். ஏற்கெனவே மருந்து எடுப்பவருக்கு மோதல்களும் உண்டு: ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவருக்கு அதிக அளவு ரெஸ்வெரட்ராலும் குர்க்குமினும் ரத்தக் கசிவைக் கூட்டலாம், வலிப்புக்கு ஃபெனிடாயின் எடுப்பவரின் ரத்தத்தில் பைப்பரின் அந்த மருந்தின் அளவை உயர்த்தும். அறுவை சிகிச்சைக்கு முன் மருத்துவர் 'வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்' என்று கேட்கும்போது, இந்தப் பாட்டில்களையும் எடுத்துப் போய்க் காட்ட வேண்டும்.